குளிரறையில் படிந்த புகை

மாவனப்பள்ளி மாங்கூழ் பேக்டரியின் குளிரறையில், மின்வாரியத்துக்காரர்கள் பியூஸைப் பிடுங்கிக்கொண்டு போன மறுவாரம் பனி வளர ஆரம்பித்தது. பெங்களூரா மாங்காய் டன் மூவாயிரத்துக்குச் சரிந்த 2001ஆம் வருடம் அது. பேக்டரியின் பங்குதாரர்கள் மூவரும் அண்ணன் தம்பி முறை. ஒருவர்மேல் ஒருவர் கிருஷ்ணகிரி கோர்ட்டில் வழக்குப் போட்டுக்கொண்டதில் கரண்டு பில் கட்ட ஆளில்லாமல் போனது. கம்ப்ரசர் இரவு பகலாக ஓடிய காலத்தில் அந்த அறை ஒழுங்காகக் குளிர்ந்ததே இல்லை என்பது ஊரறிந்த விஷயம். டப்பாக்கள் உப்பி, உள்ளே இருந்த கூழ் புளித்து, ஏற்றுமதி லாரி போன வழியே திரும்பி வந்த கதைகள் உண்டு. இப்போது கரண்டே இல்லாத அறையில் தரையிலிருந்து பனி கிளம்பி, ஆவணி பிறப்பதற்குள் முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றது. வாட்ச்மேன் கங்கப்பன் கதவைத் திறந்து பார்த்தார். மறுபடி சாத்தினார். டீக்கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது, கரண்டு இல்லாமலேயா என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றார் கங்கப்பன். அப்படியென்றால் பில் வராது, நல்லதுதான் என்று பேச்சு முடிந்தது.

அந்தப் பனி வெயிலில் வைத்தால் கரையவில்லை, தண்ணீரில் போட்டால் மட்டும் கரைந்தது. சூளகிரி பஸ் நிலையத்து ஜூஸ் கடைக்காரர் முதலில் ஒரு மூட்டை வாங்கிப் போனார். அவர் போட்ட சாத்துக்குடி ஜூஸில் போகிப் பண்டிகை வாசம் அடிக்கிறது என்று ஆட்கள் டம்ளரைத் திருப்பித் தந்தார்கள். மீன்காரம்மா தன் கெண்டை மீனெல்லாம் நெல் அவிக்கிற வாசம் வீசுகிறது என்று சண்டைக்கு வந்தாள். அதற்குப் பிறகு பனியை யாரும் வாங்கவில்லை. அறைக்குள்ளும் ஆட்கள் அதிகம் போகவில்லை. குளிரில் வாயிலிருந்து ஆவி வருவது இயற்கை. ஆனால் அந்த அறையில் இரண்டு பேர் நின்றால் மூன்று நான்கு இடங்களிலிருந்து ஆவி வந்தது. யாருடைய மூச்சு என்று தெரியாத அந்த ஆவி சற்று நேரம் முகத்துக்கு நேராக நின்று, பிறகு கலையும். கங்கப்பன் தன் நாற்காலியைக் கதவோரத்திலிருந்து வேப்பமரத்தடிக்கு மாற்றிக்கொண்டதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த பிரதாப் இதைக் கன்னடப் பேப்பரின் மூலைச் செய்தியாகப் படித்துவிட்டு, அடுத்த தை மாதம் பஸ்ஸில் வந்து இறங்கினார். சேலத்துக்காரர். தென்துருவத்துப் பனியைக் குழாய் குழாயாகத் துளைத்தெடுத்து ஆராய்வது அவர் தொழில். கிரானைட் குவாரியில் துளை போடும் நல்லுசாமியை வாடகைக்கு அமர்த்தி, அவருடைய மெஷினைக் குளிரறைக்குள் இறக்கினார்கள். முழங்கால் உயரப் பனியைத் தாண்டினால் சிமெண்டுத் தரை தட்டும், துளைக்கிற பிட்டின் முனை உடையும் என்று நல்லுசாமி பயந்தார். தரை தட்டவில்லை. ராடுக்கு மேல் ராடு சேர்த்து இறக்கிக்கொண்டே போனார்கள், பனி வந்துகொண்டே இருந்தது. கையிலிருந்த ராடுகள் தீர்ந்த இடத்தில் நிறுத்தினார்கள். அந்தச் சிமெண்டுத் தரை எங்கே போனது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வெளியே எடுத்த பனித்தண்டு வாழைத்தண்டு பருமனில் இருந்தது. கூர்ந்து பார்த்தால் அதில் விரல்கடை அகலத்துக்கு ஒரு அடுக்கு, அதன்மேல் இன்னொரு அடுக்கு என்று கோடு தெரிந்தது. ஒரு அடுக்கு ஒரு வருடம் என்றார் பிரதாப். தன் மீட்டர்ப் பெட்டியின் இரண்டு கம்பிகளை அதன்மேல் வைத்து நெடுக இழுத்தபோது, சில இடங்களில் பெட்டியின் முள் துள்ளியது. மேலிருந்து பத்துப் பதினொன்று அடுக்குக்குக் கீழே ஒரு துள்ளல். அது 1991இல் பிலிப்பைன்ஸில் வெடித்த மலை. வெகு ஆழத்தில் இன்னொன்று, இந்தோனேசியாவில் நூற்றிச்சொச்சம் வருடத்துக்கு முன் கடலுக்குள் வெடித்தது. அதற்கும் கீழே இன்னும் பெரியது, சீமைக்கு ஒரு வருடம் கோடையே வராமல் பண்ணியது. பிரதாப் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மலை வெடிச்சா, அதோட கந்தகம் வானத்துல ஏறி உலகம் பூரா சுத்தும். மெதுவா கீழ இறங்கும். துருவத்துல பனியோட சேந்து விழுந்தா, அந்த வருஷத்துப் பனி அதைப் பிடிச்சு வச்சுக்கும். அந்த இடத்துல முள்ளு துள்ளும். நாங்க அதை வச்சுத்தான் வருஷம் கண்டுபிடிக்கிறோம்" என்றார்.

"அங்க விழுவுது, சரி. மாவனப்பள்ளிக்கு எதுக்கு சார் வரணும்?" என்றார் கங்கப்பன்.

"அதுதான் எனக்கும் தெரியல."

அவர் அதிகம் நேரம் செலவழித்தது கோடையைக் கெடுத்த அந்த அடுக்குக்குச் சில வருடம் கீழே இருந்த இன்னொரு துள்ளலில். அதற்கு மலை இல்லை. துருவத்துப் பனியிலும் அதே வருடத்தில் அது இருக்கிறதாம். எந்த மலை, எந்த நாடு என்று எவரும் எழுதி வைக்கவில்லை. கப்பலில் போனவர்கள்கூடப் பார்க்கவில்லை. பார்த்தவர் இல்லாவிட்டால் வெடிக்கவில்லை என்று ஆகிவிடாது, சாம்பல் இருக்கிறதல்லவா என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை, பக்கத்தில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த மாதேஸ்வரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாதேஸ்வரி பேக்டரி ஓடிய நாளில் அங்கே மாங்காய்க்குத் தோல் சீவியவள். பிரதாப்புக்குக் கூட்டிப் பெருக்க, எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டியிருந்ததால் கங்கப்பன் அவளை வரச் சொல்லியிருந்தார். அவள் புருஷன் ஆஞ்சப்பன் லோடுமேன். 1997 சீசனில் பெங்களூருக்கு மாங்காய் ஏற்றிப் போன லாரி அத்திப்பள்ளியில் டீக்கு நின்றபோது, பீடி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று ரோட்டைக் கடந்தவன் திரும்பவில்லை. லாரி மாலைவரை நின்றது. மாங்காய் பழுக்க ஆரம்பித்ததால் கிளம்பிவிட்டது. அவன் பீடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இளவயதில் பல்வலி வந்தபோது யாரோ சொன்னார்கள் என்று பீடியின் வாய்ப்பக்கம் ஒரு கிராம்பைச் செருகிக் குடிக்க ஆரம்பித்தான். பல்வலி போனது, பழக்கம் போகவில்லை. அவன் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் சோற்றைப் போட்டுவிடலாம், அப்படியொரு வாசம். இந்த வட்டாரத்தில் வேறு எவனும் அப்படிப் பீடி குடித்து நாங்கள் பார்த்ததில்லை.

பிரதாப் ஒவ்வொரு அடுக்காகச் சில்லு வெட்டி எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போடுவார். உள்ளே அடைபட்ட பழைய காற்று பொரி பொரிந்தாற்போலப் படபடவென்று வெளியேறும். முதல் டம்ளரை எடுத்துக் கொடுக்கும்போது மாதேஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள். போன வருடத்து அடுக்கு அது. குனிந்து மறுபடி முகர்ந்தாள். அடுத்த டம்ளரையும் வாங்கி முகர்ந்தாள், அதற்கு அடுத்ததையும். மாட்டுக்கொட்டகைப் புகை, லாரிப் புகை, குவாரி வெடிமருந்து எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிசாக, வருடம் தவறாமல், கிராம்பு செருகிய பீடி இருந்தது. அவன் போனதற்கு அப்புறமும் இருந்தது.

"சார், இது எம்புருசன்" என்றாள்.

பிரதாப் சிரிக்கவில்லை. ஒரு சில்லைப் பெங்களூருக்கு எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டு, கிராம்பு எண்ணெய் இருக்கிறது என்று அடுத்த வாரம் சொன்னார். யாருடைய கிராம்பு என்று சொல்லத் தன் மெஷினுக்குத் தெரியாது என்றும் சொன்னார். அவளுக்குத் தெரிந்திருந்தது, அது போதும் அவளுக்கு. பிலிப்பைன்ஸ் மலையின் சாம்பலே மாவனப்பள்ளிக்கு வழி கண்டுபிடித்து வந்துவிட்டது. உயிரோடு எங்கோ இருக்கும் ஒருத்தனின் பீடிப்புகை வந்ததில் என்ன அதிசயம்? அன்றைக்கு அவள் ஒரே ஒரு டம்ளரை மட்டும் முகராமல் தள்ளி வைத்தாள். 1996ஆம் வருடத்து அடுக்கு. அந்த வருடம் அவளுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்து, மாதம் ஒன்று நிறைந்து, இறந்துபோனது. அதற்கு நெற்றியில் வைக்கச் சுட்ட வசம்பின் புகை அந்தத் தண்ணீரில் இருக்கும் என்று அவளுக்குப் பயம். பிரதாப்பிடம் அதை மண்ணில் ஊற்றிவிடச் சொன்னாள். அவரும் காரணம் கேட்காமல் ஊற்றினார்.

அதிலிருந்து வருடம் ஒருமுறை, பொங்கல் கழிந்து புது அடுக்கு இறுகியதும், பிரதாப் வருவார், நல்லுசாமி ஒரு முழத்துக்குத் துளைப்பார், மாதேஸ்வரி முகர்ந்து பார்ப்பாள். கிராம்பு இருக்கும். அந்த ஒரு மடக்குக் காற்றை வைத்துக்கொண்டு அவள் ஒரு வருடம் பூ வைப்பாள், பொட்டு வைப்பாள். ஊர் சும்மா இருக்குமா? பனிக்கட்டியோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று பேசினார்கள். கேட்டும் கேளாதவள்போல இருந்தாள்.

இடைஞ்சல் வீட்டிலிருந்தே வந்தது. மாமியார் சாந்தம்மாவின் கனவில் ஆஞ்சப்பன் வந்து வாசலில் நின்று தண்ணீர் கேட்டான். தினமும் வந்தான். ஓசூரில் ஷிப்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த கொழுந்தன் கோவிந்தனுக்குப் பார்த்த பெண்ணெல்லாம் தட்டிப் போனது. காணாமல் போனவன் ஏழு வருடம் வரவில்லை என்றால் வைக்கோலில் உருவம் செய்து எரித்து, காரியம் பண்ணிவிட வேண்டும், இல்லாவிட்டால் வீடு விளங்காது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். காரியம் என்றால் பதினாறாம் நாள் பெண்டாட்டியின் தாலியை இறக்க வேண்டும். அங்கேதான் மாதேஸ்வரி குறுக்கே நின்றாள். 2004ஆம் வருடம் சித்திரையில், முனீஸ்வரன் கோயில் முன்னால் ஊர்க்கவுண்டர் நாராயணப்பன் தலைமையில் கூடிப் பேசினார்கள்.

"எம்புள்ள வாய் வறண்டு நிக்கறான். எத்தினி நாளைக்கு நிக்க வெக்கறது?" என்றாள் சாந்தம்மா.

"செத்தவங்களுக்கு மட்டுந்தான் தாகம் எடுக்குமா அத்தே? உசுரோட இருந்தாலும் எடுக்கும்" என்றாள் மாதேஸ்வரி.

கோவிந்தன் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணன் உசுரோட கீறத யாரு பாத்தது அண்ணி?" என்றான்.

"ஏதோ ஒரு மலை வெடிச்சிருக்குது. அத ஒருத்தரும் பாக்கல. அதுக்காவ வெடிக்கலன்னு ஆயிடுமா? சாரக் கேளு."

பிரதாப்பைப் பெங்களூரிலிருந்து வரவழைத்து உட்கார வைத்துக் கேட்டார்கள். பனியில் கிராம்பு இருப்பது உண்மை என்றும், பெயர் தெரியாத மலை ஒன்று வெடித்ததும் உண்மை என்றும், இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று தான் சொல்ல முடியாது என்றும் அவர் சொன்னார். நாராயணப்பன் வெற்றிலை ஒன்று போட்டு முடிக்கும்வரை யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். பெற்றவளின் மனசு ஆறுவதற்காக உருவத்தை எரித்துவிடுவது, கட்டியவளின் மனசு நோகாமல் தாலியை விட்டுவிடுவது. ஆக அம்மாவுக்கு மகன் செத்தான், பெண்டாட்டிக்குப் புருஷன் சாகவில்லை. ரேஷன் கார்டிலும் அவன் பெயர் நீக்கப்படாமல், மாதம் தவறாமல் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தான். ஊருக்கு இதில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை.

எரித்த அன்றுதான் அந்தத் தப்பு நடந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. செத்தவனுக்குப் பிடித்ததை அவனோடு வைத்து அனுப்புவது முறை. சாந்தம்மா தன் கையால் வைக்கோல் உருவத்துக்கு ஆஞ்சப்பனின் சட்டையைப் போட்டு, மடியில் ஒரு கட்டுப் பீடியையும், மளிகைக்கடையில் வாங்கிய கிராம்புப் பொட்டலம் ஒன்றையும் வைத்தாள். மகன் மேல் இருந்த பிரியத்தில் கொஞ்சம் அதிகமாகவே வைத்தாள். கோவிந்தன் கொள்ளி வைத்தான். காற்று கிழக்கே அடித்துக்கொண்டிருந்தது. புகை ஆள் உயரத்துக்கு எழுந்து, ஒரு நிமிடம் நின்று, மேற்கே நடக்க ஆரம்பித்தது. கேழ்வரகுக் கொல்லையின் வரப்பு மேலேயே போய், பேக்டரி காம்பவுண்டைத் தாண்டி, வேப்பமரத்தடியில் இருந்த கங்கப்பன் காலை மடக்கி வழிவிட, குளிரறைக் கதவின் அடி இடுக்கு வழியாக உள்ளே போனது. கடைசி இழை உள்ளே போகும்வரை சுடுகாட்டில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாதேஸ்வரிக்கு விஷயம் புரிந்தபோது களத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஆஞ்சப்பன் காணாமல் போனபோதுகூட அவள் அப்படி அழுது நாங்கள் பார்த்ததில்லை. "எம்புருசன எரிச்சது போவட்டும். என் வருசத்த எரிச்சிட்டீங்களே" என்று அழுதாள். இனி அந்த வருடத்து அடுக்கில் கிராம்பு வாசம் வந்தால் அது அவனா, அவனை எரித்த புகையா என்று எப்படித் தெரியும்? சாந்தம்மா இதை நினைத்தே பார்க்கவில்லை. மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்படியேதான் ஆனது. அடுத்த பொங்கலுக்குப் பிறகு எடுத்த சில்லில் கிராம்பு நெடி மூக்கை அறுத்தது. பிரதாப் முகர்ந்து பார்த்துத் தும்மினார். அவருக்கும் அந்தக் கஷ்டம் தெரியும். துளைக்கிறவனின் சிகரெட் சாம்பல் பனியில் விழுந்து, அதை எரிமலை என்று நினைத்து ஆறுமாதம் ஆராய்ந்தவர்கள் அவர் தொழிலில் உண்டாம். ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த அடுக்குக்குக் காத்திருக்க வேண்டியதுதான் என்றார். அந்த ஒரு வருடம் மாதேஸ்வரி புருஷன் உள்ளவளாகவும் இல்லாமல் புருஷனை இழந்தவளாகவும் இல்லாமல் கழித்தாள். கல்யாண வீட்டுக்குப் போனால் தாம்பூலத் தட்டை நீட்டுகிறவர்கள் ஒரு கணம் தயங்கினார்கள். அவள் அந்தத் தயக்கத்துக்கு முன்னாலேயே எழுந்து வந்துவிடப் பழகினாள்.

2006 தையில், முந்தின வருடத்து அடுக்கை டம்ளரில் போட்டார்கள். பனி படபடத்தது. மாதேஸ்வரி குனிந்தாள். கிராம்பு இருந்தது. எரித்த நெடி இல்லை, பழைய மெல்லிசான வாசம்தான். ஆஞ்சப்பன் உயிரோடு இருந்தான். பிரதாப் அவள் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்படப் போனவர், அவள் நிமிராததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். கிராம்போடு கலந்து, அதே வீட்டுக்குள் எழுந்த புகையாக, சாம்பிராணி இருந்தது. குளிப்பாட்டிய குழந்தையின் தலைக்குக் காட்டுகிற சாம்பிராணி. அதற்குக் கீழே சுட்ட வசம்பு. நாலு வருடத்துக்கு முன் எதை முகர மாட்டேன் என்று மண்ணில் ஊற்றச் சொன்னாளோ, அந்த வாசம்.

வீட்டுக்கு நடந்துபோய் ஆஞ்சப்பனின் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கிணற்றில் வீசினாள். சாந்தம்மா என்ன என்று கேட்டாள்.

"அத்தே, உங்களுக்குப் பேரப்புள்ள பொறந்துருக்குது."

அடுப்பில் களி அடிப்பிடிக்கிற வாசம் வந்ததும் சாந்தம்மா அதை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"ஆணா, பொண்ணா?"

"பொகையில அது தெரியல அத்தே."

கோவிந்தன் கொதித்துப் போனான். அண்ணனைத் தேடிப் பிடித்து இழுத்து வருவேன் என்றான். எங்கே போய்த் தேடுவது? பனி வருடத்தைச் சொல்லுமே தவிர ஊரைச் சொல்லாது. பெங்களூரோ, பம்பாயோ, இன்னும் தூரமோ. மாதேஸ்வரிக்கு அவன்மேல் ஆத்திரம் இருந்தது. முகம் தெரியாத அந்தப் பெண்மேல் அதைவிட அதிகம் இருந்தது. ஆனால் ஆத்திரத்துக்கும் தீனி போட வேண்டுமே. அந்த வருடம் சூளகிரிப் பக்கம் வந்த வண்டி ஒயரிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனி பஸ்ஸில் போகும்போது ஒருநாள், இந்நேரம் அதற்குப் பல் முளைத்திருக்கும் என்ற நினைப்பு அவளுக்குக் கேட்காமலே வந்தது. வந்த நினைப்பை விரட்டத் தெரியவில்லை. பக்கத்து சீட்டில் இருந்தவள் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டாள்.

அடுத்த தையில் எடுத்த அடுக்கில் மெழுகுவத்தி ஊதி அணைத்த வாசம் ஒன்று இருந்தது. கேக் வெட்டியிருக்கிறார்கள், முதல் பிறந்தநாள். கொசுவத்திச் சுருள் இருந்தது. வருடத்தின் கடைசியில் கம்பி மத்தாப்பு, ஒன்றே ஒன்று. மாதேஸ்வரி இதையெல்லாம் வீட்டில் வந்து ஒப்பிக்க, சாந்தம்மா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். கைக்குழந்தைக்கு எதற்கு மத்தாப்பு, கண்ணில் பொறி பட்டால் என்ன ஆவது என்று இருவரும் சேர்ந்து ஆஞ்சப்பனைத் திட்டினார்கள். எரித்துக் காரியம் பண்ணிய மகனைத் திட்டுகிறோமே என்ற யோசனை சாந்தம்மாவுக்கு வரவில்லை. வாசலில் நின்று தண்ணீர் கேட்கும் கனவும் அவளுக்கு அதோடு நின்றுவிட்டது.

2008 தையில் நடந்ததுதான் பெரிய சோதனை. முந்தின வருடத்து அடுக்கின் நடுவில் வேப்பிலைப் புகை வந்தது. பிறகு மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்ட கமறல். ஒருமுறை இரண்டுமுறை என்றால் கண்ணேறு என்று விடலாம். அது தொடர்ந்து வந்தது. மிளகாய், வேப்பிலை, கற்பூரம், மறுபடி மிளகாய். அந்தக் கமறலுக்கு நடுவே கிராம்பு வாசம் மிக அதிகமாக இருந்தது. ஒருத்தன் தூங்காமல் வாசலில் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவைத்திருக்கிறான். தீபாவளி வந்தபோது அடுக்கில் ஊர் பூராவின் பட்டாசும் இருந்தது. அந்த வீட்டு மத்தாப்பு இல்லை. அதோடு அடுக்கு முடிந்தது.

"மத்தாப்பு வாங்க மறந்திருப்பாங்கம்மா. எல்லா வருஷமும் வாங்கணும்னு இல்லையே" என்றார் பிரதாப்.

"காச்சல் கீற புள்ளைக்கு யாரு சார் மத்தாப்பு வாங்குவா" என்றாள் அவள். பிறகு, "காச்சலோட போயிருந்தா, அதும் பொகையில தெரியுமா?" என்று கேட்டாள். குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

அந்த வருடத்தை அவள் எப்படிக் கடத்தினாள் என்று கேட்டால் சொல்வதற்கு எங்களிடம் கொஞ்சம்தான் உண்டு. ஆடியில் மாரியம்மன் கோயிலுக்கு நெருப்புச் சட்டி எடுத்தாள். பூசாரி அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டார்.

"தெரியாதுங்க" என்றாள்.

"பேரு தெரியாம எப்பிடிம்மா சொல்றது?"

"புள்ளன்னு சொல்லுங்க. அவளுக்குத் தெரியும்."

பூசாரி அப்படியே சொன்னார். சாந்தம்மா அந்த வருடம் முட்டை, கறி எல்லாவற்றையும் விட்டாள். வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை. இருந்தும் இருவரும் பொழுது சாய்ந்தால் மூன்று மிளகாயை எடுத்து வெறும் காற்றைச் சுற்றி அடுப்பில் போட்டார்கள். தெருவே கமறி இருமியது. ஒருவரும் குறை சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு, வெளியூரில் இருக்கிற குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்களே பதில் சொன்னார்கள்.

அதே வருடம் புது கம்பெனிகளுக்கு இணைப்பு ரோடு போடுவதற்காக மாங்கூழ் பேக்டரியின் சுவர்களை இடித்தார்கள். குளிரறையின் தகடுகளைக் கழற்றியதும் பனி வெட்டவெளியில் நின்றது. ஜே.சி.பி.யின் பற்கள் இரண்டு உடைந்தன. சர்வே எடுக்க வந்தவர்கள் வெயிலில் நின்று அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பாறை என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு, ரோட்டைக் கொஞ்சம் வளைத்துப் போட்டார்கள். கங்கப்பனுக்குக் காக்க ஒன்றும் இல்லாமல் போனாலும் நாற்காலியோடு அங்கேயே இருந்தார். ரோட்டில் போகிற லாரிக்காரர்கள் சிலர் இறங்கிக் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

2009 தையில், பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பிரதாப் வந்தார். நல்லுசாமி துளைத்தார். முள் நன்றாகத் துள்ளியது. அலாஸ்கா பக்கத்துத் தீவு ஒன்றில் ஆகஸ்டு மாதம் வெடித்த மலை என்று பிரதாப்புக்கு முகமெல்லாம் பல். வெடித்ததையும் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள், சாம்பலும் வந்துவிட்டது, இவ்வளவு சுத்தமான அடுக்கு கிடைத்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டே சில்லு வெட்டினார். மாதேஸ்வரி அவர் சொன்ன எதையும் கேட்கவில்லை. டம்ளரில் அவளே தண்ணீர் ஊற்றினாள். அவசரத்தில் பாதி வெளியே சிந்தியது. பனி படபடக்க ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை அதன்மேல் கவிழ்த்தாள். லாரி, தார், எங்கெங்கோ எரிந்த குப்பை, அலாஸ்காவின் கந்தகம். எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு தேடினாள். சில்லு முக்கால்வாசி கரைந்துவிட்டது. அப்போது வந்தது. கம்பி மத்தாப்பு. ஒன்று இல்லை, ஒரு பெட்டி முழுக்க. அதோடு பாம்பு மாத்திரை, சாட்டை, தரைச்சக்கரம். யாரோ ஒரு குழந்தை கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

மாதேஸ்வரி நிமிர்ந்தபோது அவள் முகம் நனைந்திருந்தது. எது டம்ளர் தண்ணீர், எது கண்ணீர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. "இருக்குது சார். நல்லா ஓடியாடிக்கினு இருக்குது" என்றாள். பிரதாப் டம்ளரை வாங்கித் தானும் முகர்ந்துவிட்டுத் தலையாட்டினார். நல்லுசாமி மெஷினை நிறுத்தினார். கங்கப்பன் தன் பங்குக்குப் பொரி உருண்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பூசாரிக்குச் சொல்ல வேண்டும், அத்தைக்குச் சொல்ல வேண்டும், இன்றைக்குக் கோழி அடிக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, ரோட்டோரம் செருப்பைக் கழற்றிய இடத்துக்கு நடந்தாள்.

செருப்பை மாட்டும்போதுதான், கிராம்பு இருந்ததா இல்லையா என்று தான் பார்க்கவே இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. ஒரு கால் செருப்போடு கொஞ்சம் நின்றாள். பின்னால் டம்ளரில் பனி இன்னும் கரைந்துகொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அவள் அடுத்த செருப்பையும் மாட்டிக்கொண்டு, சாந்தம்மாவிடம் சொல்ல வீட்டுக்கு நடந்தாள்.